உரிமக் கணக்கும் பயன்பாட்டுக் கணக்கும்: அந்தத் திரைகள் ஏன் உங்களுக்குத் தெரியவில்லை, எப்படிப் பார்ப்பது

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் சேலத்தில் ஒரு நூற்பாலை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணியாற்றுகிறார். அலுவலகம் செவ்வாய்ப்பேட்டையிலும், ஆலை ஓமலூர்ப் பக்கத்திலும், அதே குடும்பத்தாரின் காபித் தோட்டம் ஏற்காட்டிலும் இருக்கின்றன. ஆலையில் எஸ்ஏபி என்ற நிறுவன மேலாண்மை மென்பொருள் ஓடுகிறது. அலுவலகத்துக்கும் தோட்டத்துக்கும் கணக்கு மென்பொருளான டேலி பிரைம். மின்னஞ்சலுக்கும் எக்செலுக்கும் மூன்று இடங்களிலும் மைக்ரோசாப்ட் 365. உரிம அளவீட்டு அறிக்கை கேட்டு மென்பொருள் நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. அதை அனுப்பும் முன் "எத்தனை வாங்கியிருக்கிறோம், எத்தனை பேர் உண்மையில் பயன்படுத்துகிறார்கள்" என்று முதலாளி இவரிடம் கேட்டிருக்கிறார். எஸ்ஏபியில் அளவீட்டுத் திரையைத் திறக்கப் போனால் அனுமதி இல்லை என்கிறது. மைக்ரோசாப்ட் அறிக்கையில் ஊழியர்களின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பொருளற்ற எழுத்துகளும் எண்களும் வருகின்றன. தோட்டத்துக் கணினியில் டேலி எஜுகேஷனல் மோடுக்கு, அதாவது உரிமம் இல்லாத பயிற்சி நிலைக்குப் போய்விட்டது. "இந்தக் கருவிகள் எங்கள் பதிப்பில் இல்லையா, தனியாகப் பணம் கட்டி வாங்க வேண்டுமா?" என்பது அவர் கேள்வி.

இந்த விவரங்களைப் பார்ப்பதற்கென்று தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை (தோட்டத்து டேலியின் சிக்கல் வேறு, அதைப் பின்னால் சொல்கிறேன்). நீங்கள் தேடும் விவரம் மூன்று மென்பொருளிலும் கூடவே வருகிறது. உங்கள் பயனர் கணக்குக்கு அதைப் பார்க்கும் அனுமதி தரப்படவில்லை, அவ்வளவுதான். ஆகவே சிக்கலின் முதல் பாதி, சரியான அனுமதியைச் சரியான பெயர் சொல்லிக் கேட்பது. கடினமான பாதி அதற்குப் பிறகு வருகிறது: திரையில் தெரியும் எண் எதை எண்ணுகிறது என்று தெரிந்துகொள்வது. அதைத் தெரிந்துகொள்ளாமல் அறிக்கை அனுப்பிய நிறுவனங்கள் தேவையில்லாத உரிமங்களுக்குப் பணம் கட்டுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன் என்பதால், இந்தப் பதிலில் அதற்கே அதிக இடம் தருகிறேன்.

ஒரு மென்பொருளில் "எத்தனை பேர்" என்ற கேள்விக்கு நான்கு வெவ்வேறு விடைகள் உண்டு. நீங்கள் பணம் கட்டி வாங்கிய உரிமங்களின் எண்ணிக்கை ஒன்று. அவற்றில் ஆட்களின் பெயருக்கு ஒதுக்கியவை இன்னொன்று. அந்த ஆட்களுக்குக் கணினியில் தரப்பட்டிருக்கும் அதிகாரங்கள் எந்த வகை உரிமத்துக்கு உரியவை என்பது மூன்றாவது. கடந்த ஒரு மாதத்திலோ மூன்று மாதத்திலோ உண்மையில் உள்ளே வந்து வேலை செய்தவர்கள் நான்காவது. இந்த நான்கு எண்களும் ஒன்றாக இருக்கும் நிறுவனத்தை நான் பார்த்ததில்லை. முதலாளி கேட்பது பெரும்பாலும் நான்காவது எண்ணை. மென்பொருள் நிறுவனம் ஒப்பந்தப்படி எண்ணுவது பெரும்பாலும் இரண்டாவதையோ மூன்றாவதையோ. "இருபது பேர்தான் பயன்படுத்துகிறார்கள், நாற்பது பேருக்கு ஏன் பணம் கேட்கிறார்கள்" என்ற சச்சரவு இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. எனவே திரைகளைத் திறப்பதற்கு முன், ஒப்பந்தத்தை எடுத்து, அதில் பயனர் என்ற சொல்லுக்கு என்ன வரையறை தரப்பட்டிருக்கிறது என்று படித்துவிடுங்கள். பெயர் குறித்த பயனரா, ஒரே நேரத்தில் உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கையா, கணினிகளின் எண்ணிக்கையா என்பதைப் பொறுத்து நீங்கள் பார்க்க வேண்டிய அறிக்கையே மாறிவிடும்.

எஸ்ஏபியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பணம் அங்கேதான் அதிகம். அளவீட்டுக்கான திரையின் குறியீடு யூஎஸ்எம்எம். இது அந்த எஸ்ஏபி அமைப்பு முழுவதற்குமான அளவீட்டை நடத்தி, முடிவை எஸ்ஏபி நிறுவனத்துக்கு அனுப்பும் இடம். எந்தக் கிளையண்டுகளை (ஒரே அமைப்புக்குள் தனித்தனியே பிரித்த தரவுப் பகுதிகளை) எண்ணுவது, எந்த விலைப்பட்டியலின்படி வகை பிரிப்பது போன்ற அமைப்புகளும் இங்கேதான் இருக்கின்றன. ஆகையால் இதைக் கணக்குப் பிரிவினருக்குத் திறந்துவிடாமல் வைத்திருப்பது சரியான நடைமுறையே. அனுமதி மறுக்கப்பட்ட அடுத்த நிமிடமே எஸ்யூ53 என்று அடித்துப் பாருங்கள். உங்களுக்குக் கடைசியாக எந்த அதிகாரம் இல்லாமல் தடை வந்தது என்று அது காட்டும். உங்கள் விஷயத்தில் எஸ்_டிகோட் என்ற அதிகாரப் பொருளின் கீழ் யூஎஸ்எம்எம் என்ற மதிப்பு இருக்கும். வேறு வேலை எதுவும் செய்வதற்கு முன் அந்தத் திரையைப் படமெடுத்து பேசிஸ், அதாவது எஸ்ஏபியின் தொழில்நுட்ப நிர்வாகம் பார்ப்பவருக்கு அனுப்பினால், "ஏதோ வரவில்லை" என்று எழுதி நான்கு நாள் காத்திருப்பது மிச்சமாகும்.

ஆனால் யூஎஸ்எம்எம்மை உங்களுக்கே தரும்படி கேட்காதீர்கள். உங்களுக்குத் தேவை பார்வை அதிகாரம் மட்டுமே. பயனர் விவரத்தைத் திருத்த முடியாமல் பார்க்க மட்டும் உதவும் எஸ்யூ01டி, பயனர்களையும் அவர்களுக்கு ஒதுக்கிய ரோல்களையும் (அதிகாரத் தொகுப்புகளையும்) பலவிதமாகத் தேடித்தரும் எஸ்யூஐஎம், ஒவ்வொருவரும் கடைசியாக எந்தத் தேதியில் உள்ளே வந்தார் என்று பட்டியலிடும் ஆர்எஸ்யூஎஸ்ஆர்200 என்ற அறிக்கை, யார் எந்தப் பரிவர்த்தனையை, அதாவது எந்தத் திரையை, எவ்வளவு ஓட்டினார் என்று காட்டும் எஸ்டி03என் ஆகிய நான்கும் கிடைத்தால் உங்கள் முதலாளியின் கேள்விக்கு விடை சொல்லிவிடலாம். எஸ்டி03என் பழைய மாதங்களின் விவரத்தை என்றென்றும் வைத்திருக்காது. எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்பது பேசிஸ் அமைத்துவைத்திருப்பதைப் பொறுத்தது. ஆகவே மாத முடிவில் அதை எக்செலுக்கு இறக்கி ஒரு கோப்புறையில் போட்டுவைக்கும் பழக்கத்தை இந்த மாதமே தொடங்குங்கள். அளவீட்டை ஓட்டும் நாளில் பேசிஸ் நபரின் பக்கத்தில் உட்கார்ந்தோ திரையைப் பகிரச் சொல்லியோ முடிவை நீங்கள் பார்ப்பதே போதுமானது.

முடிவில் முதலில் பார்க்க வேண்டியது வகை குறிக்கப்படாத பயனர்கள். எஸ்ஏபியில் ஒவ்வொரு பயனருக்கும் எஸ்யூ01 திரையில் லைசென்ஸ் டேட்டா என்ற பகுதி உண்டு. அவர் எந்த வகை உரிமத்தில் வருகிறார் என்று அங்கே குறிக்க வேண்டும். குறிக்காமல் விட்டவர்களை அளவீடு புரொஃபெஷனல் வகையில், அதாவது விலை உயர்ந்த வகையில் சேர்த்து எண்ணிவிடும். பஞ்சுக் கிடங்கில் சரக்கு வரவை மட்டும் பதியும் ஒருவருக்கும் நிதி மேலாளருக்கும் ஒரே விலை விழுவது இப்படித்தான். ஆலைகளில் ஆள் மாற்றம் அதிகம்; புதிதாகச் சேர்ந்தவருக்குப் பழையவரின் கணக்கைப் பார்த்து அவசரத்தில் ஒரு கணக்கு உருவாக்கித் தருவார்கள்; அந்த ஒரு பகுதி காலியாகவே இருந்துவிடும்.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது வேலையை விட்டுப் போனவர்கள். கணக்கைப் பூட்டிவிட்டோம், ஆகவே அது எண்ணிக்கையில் வராது என்று பலர் நம்புகிறார்கள். பூட்டிய கணக்கும் அளவீட்டில் எண்ணப்படும். அதே எஸ்யூ01 திரையின் லாகான் டேட்டா பகுதியில் செல்லுபடி முடியும் தேதியை இட்டு, அந்தத் தேதி கடந்திருந்தால்தான் அந்தக் கணக்கு எண்ணிக்கையிலிருந்து விலகும். மனிதவளப் பிரிவிலிருந்து விலகியோர் பட்டியலை வாங்கி, ஆர்எஸ்யூஎஸ்ஆர்200 தரும் கடைசி வருகைத் தேதியோடு ஒப்பிட்டு, பேசிஸ் நபரிடம் தேதி இடச் சொல்வது அரை நாள் வேலைதான். கடிதத்துக்குப் பதில் அனுப்பும் முன் இதை முடித்துவிட வேண்டும். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. வேலையில் இல்லாதவருக்குக் கணக்கு இருக்கக் கூடாது என்பது பாதுகாப்பு விதியும்கூட.

மூன்றாவது, ஒரே ஆளுக்கு அன்றாட வேலை நடக்கும் எஸ்ஏபி அமைப்பில் ஒரு கணக்கும், சோதனை அமைப்பில் வேறு பெயரில் இன்னொரு கணக்கும் இருப்பது. இவற்றை ஒருங்கிணைத்து ஓர் ஆளை ஒருமுறை மட்டும் எண்ணுவதற்காகவே எஸ்லா எனப்படும் லைசென்ஸ் அட்மினிஸ்ட்ரேஷன் ஒர்க்பெஞ்ச் இருக்கிறது. இரண்டு இடத்திலும் பயனர் பெயரோ மின்னஞ்சலோ ஒன்றாக இருந்தால்தான் அது இருவரையும் ஒருவர் என்று அறியும்.

ஆலைக்காரர்கள் கவனிக்காமல் விடும் ஒன்று இனிமேல்தான் வருகிறது. உங்கள் எடைமேடை மென்பொருளோ, நூல் மூட்டைகளுக்குப் பார்கோடு ஒட்டும் மென்பொருளோ, விற்பனையாளர்களின் கைப்பேசிச் செயலியோ எஸ்ஏபிக்குள் பதிவுகளை அனுப்புகிறதா? அனுப்பினால், நடுவில் இருக்கும் ஒரேயொரு இணைப்புக் கணக்கு மட்டுமே அளவீட்டில் தெரியும். ஆனால் அதன் பின்னால் நூறு பேர் இருக்கலாம். 2017 பிப்ரவரியில் இங்கிலாந்து உயர் நீதிமன்றத்தில் எஸ்ஏபிக்கும் டியாஜியோ நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில், வேறொரு மென்பொருள் வழியாக எஸ்ஏபியைத் தொட்டவர்களுக்கும் உரிமம் வேண்டும் என்று தீர்ப்பானது. எஸ்ஏபி கோரியிருந்த தொகை 5 கோடி பவுண்டுக்கும் மேல். எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை அந்தத் தீர்ப்பு முடிவு செய்யவில்லை என்றாலும், அதன் பிறகு இந்த மறைமுகப் பயன்பாடு எல்லாருடைய மேசைக்கும் வந்துவிட்டது. 2018இல் எஸ்ஏபி ஒரு மாற்று வழியை அறிவித்தது: வெளி மென்பொருள்கள் உருவாக்கும் ஆவணங்களை, விற்பனை ஆவணம், கொள்முதல் ஆவணம் என ஒன்பது வகைகளாக எண்ணிக் கட்டணம் விதிப்பது. உங்கள் ஒப்பந்தம் அதற்கு முந்தையதா, பிந்தையதா என்று பாருங்கள். இணைப்புக் கணக்குகளின் பட்டியலையும், ஒவ்வொன்றின் பின்னால் எந்த மென்பொருள் இருக்கிறது என்பதையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேட்கப்படும்போது தேடிக்கொண்டிருக்கக் கூடாத தாள் அது.

எஸ்ஏபியின் புதிய தலைமுறையான எஸ்4ஹானாவுக்கு மாறும் எண்ணம் உங்கள் நிறுவனத்துக்கு இருந்தால் (பழைய தலைமுறையான இசிசியின் அண்மைப் பதிப்புகளுக்கான வழக்கமான பராமரிப்பே 2027 இறுதியோடு முடிகிறது என்பதால் அந்தப் பேச்சு வந்தே தீரும்), அதன் கிளவுட் சந்தாவில் எண்ணும் முறையே வேறு. அங்கே எஃப்யூஇ என்ற அலகு: தரப்பட்ட அதிகாரத்தின் அளவைப் பொறுத்துப் பயனர்களை எடைபோடும் அலகு அது. அட்வான்ஸ்டு வகைப் பயனர் ஒருவர் ஓர் அலகு. கோர் வகையில் ஐந்து பேர் சேர்ந்து ஓர் அலகு. செல்ஃப் சர்வீஸ் வகையில் முப்பது பேர் சேர்ந்து ஓர் அலகு. டெவலப்பர் ஒருவருக்கு இரண்டு அலகு. ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். அட்வான்ஸ்டு 12 பேர், கோர் 40 பேர், செல்ஃப் சர்வீஸ் 90 பேர் என்றால் 12, 8, 3 என மொத்தம் 23 அலகு. இனி அந்தக் கோர் வகை 40 பேருக்கும் தரப்பட்ட பொதுவான ரோலில், யாரோ வசதிக்காக அட்வான்ஸ்டு வகைக்குரிய ஒரே ஒரு அதிகாரத்தைச் சேர்த்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் ஒருவர்கூட அதை ஒருநாளும் பயன்படுத்தாவிட்டாலும் 40 பேரும் அட்வான்ஸ்டு ஆகிறார்கள். மொத்தம் 12, 40, 3 என 55 அலகு. இந்த முறையில் எண்ணப்படுவது தரப்பட்ட அதிகாரம். செய்த வேலை அன்று. நான்கு எண்களில் மூன்றாவது எண்ணைத் தனியாகப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

மைக்ரோசாப்ட் 365க்கு வருவோம். இங்கே உரிமமும் பயன்பாடும் இரண்டு தனித்தனித் திரைகள். அட்மின் சென்டரில் பில்லிங் என்பதன் கீழ் லைசென்சஸ் பக்கம், வாங்கியது எத்தனை, ஒதுக்கியது எத்தனை என்று காட்டும். ரிப்போர்ட்ஸ் என்பதன் கீழ் யூசேஜ் பக்கம், யார் எப்போது எதைத் திறந்தார் என்று காட்டும். பயன்பாட்டைப் பார்க்க மட்டும் ரிப்போர்ட்ஸ் ரீடர் என்ற பொறுப்பு போதும். இரண்டு பக்கங்களையும் மாற்றும் உரிமை இல்லாமல் பார்க்க வேண்டுமென்றால் குளோபல் ரீடர் கேளுங்கள். குளோபல் அட்மின் கேட்காதீர்கள், கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஒரு நிறுவனத்தில் குளோபல் அட்மின்கள் ஐந்து பேருக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது மைக்ரோசாப்டே தரும் அறிவுரை. கணக்கு எழுதுபவரின் கடவுச்சொல் ஒரு போலி மின்னஞ்சலில் களவு போனால், அதோடு நிறுவனம் முழுவதும் போய்விடக் கூடாது.

பெயர்களுக்குப் பதிலாக எழுத்துக்கோவை வருவது பழுது அன்று. 2021 முதல் இந்த அறிக்கைகளில் பயனர் பெயர்களை மறைத்துக் காட்டுவதே இயல்பான அமைப்பு. செட்டிங்ஸ், ஆர்க் செட்டிங்ஸ், சர்வீசஸ், ரிப்போர்ட்ஸ் என்ற வழியில் போனால் பெயர்களை மறைக்கும் ஒரு குறி இருக்கும். குளோபல் அட்மின் அதை எடுத்துவிட்டால் பெயர்கள் தெரியும். அறிக்கையை இறக்கியதும் அந்தக் குறியைத் திரும்ப இட்டுவிடும்படி சொல்லுங்கள். ஊழியர்களுக்கும் முன்கூட்டியே தெரிவித்துவிடுவது மரியாதை: "உரிமம் புதுப்பிப்பதற்காக இந்த மாதம் பயன்பாட்டு அறிக்கை எடுக்கிறோம், இன்னின்ன விவரம் மட்டும் பார்ப்போம்" என்று இரண்டு வரி போதும். இந்த அறிக்கையை வைத்து யார் உழைக்கிறார், யார் சும்மா இருக்கிறார் என்று அளக்க முதலாளி முனைந்தால் அதைத் தடுத்துச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். மின்னஞ்சல் அனுப்பிய எண்ணிக்கையில் ஒருவரின் வேலை தெரிந்துவிடாது; ஸ்பின்னிங் பிரிவு மாஸ்டர் நாள் முழுவதும் இயந்திரங்களுக்கு நடுவே நின்றுவிட்டு ஒரு மின்னஞ்சலும் அனுப்பாமல் வீட்டுக்குப் போவார்.

யூசேஜ் பக்கத்தில் 7, 30, 90, 180 நாள் என நான்கு கால அளவுகள் கிடைக்கும். இன்று நடந்தது உடனே தெரியாது, இரண்டு மூன்று நாள் கழித்தே வரும். உங்கள் நிறுவனத்துக்கு இந்தக் கால அளவுகளில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஏற்காட்டுத் தோட்டத்தில் பழம் பறிப்பும் கூலிக் கணக்கும் மும்முரமாக நடப்பது கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில்தான். அந்தப் பருவத்து எழுத்தர்களின் கணக்குகளை ஆகஸ்டு மாதத்தில் முப்பது நாள் அறிக்கையில் பார்த்தால் எல்லாமே சும்மா கிடப்பதாகத் தெரியும். ஆகஸ்டு இறுதியில் பார்த்தால் 180 நாள் அறிக்கையிலும் பருவம் அகப்படாது. அந்த எண்ணைப் பார்த்து உரிமத்தை எடுத்துவிட்டால் நவம்பரில் அவசர அவசரமாகத் திரும்ப வாங்க வேண்டிவரும். மாறாக, ஆண்டு முழுவதற்கும் கட்டிக்கொண்டிருப்பதும் வீண். மாதந்தோறும் அறிக்கையை இறக்கிவைத்து ஓர் ஆண்டுக்குரிய படத்தைக் கையில் வைத்திருந்தால், பருவ ஊழியர்களுக்கு மட்டும் மாதச் சந்தா எடுப்பது எவ்வளவு லாபம் என்று துல்லியமாகச் சொல்லலாம். மாதச் சந்தாவின் விலை சற்றுக் கூடுதல்தான்; ஆனால் நான்கைந்து மாதங்களுக்குக் கட்டுவதும் பன்னிரண்டு மாதங்களுக்குக் கட்டுவதும் ஒன்றாகாது.

தோட்டத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மைக்ரோசாப்ட் 365 செயலிகள் முப்பது நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தில் தங்கள் உரிமத்தைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் மலையில் இணைப்பு அறுந்து கிடந்தாலோ, பருவம் முடிந்து கணினியை மூடிவைத்திருந்தாலோ, அடுத்தமுறை திறக்கும்போது எக்செல் கோப்புகளைப் பார்க்கவும் அச்சிடவும் மட்டுமே முடியும், எழுத முடியாது. உரிமம் தீர்ந்துவிட்டதென்று எண்ணிப் புதிதாக ஒன்று வாங்கிவிடாதீர்கள். கைப்பேசியிலிருந்து இணைப்புக் கொடுத்து ஒருமுறை உள்நுழைந்தால் சரியாகிவிடும்.

வேலையை விட்டவர்களின் மின்னஞ்சலை இழக்கக் கூடாது என்பதற்காகவே பல நிறுவனங்கள் அவர்கள் பெயரில் உரிமத்தைத் தொடர்ந்து கட்டிவருகின்றன. அந்த அஞ்சல் பெட்டியைப் பகிரப்பட்ட அஞ்சல் பெட்டியாக மாற்றினால், 50 ஜிபி வரை உரிமமே தேவையில்லை. மாற்றிய பிறகுதான் உரிமத்தை எடுக்க வேண்டும், வரிசை முக்கியம். மாற்றாமல் உரிமத்தை எடுத்துவிட்டால் 30 நாளுக்குப் பிறகு அஞ்சல்கள் அழிந்துவிடும். மேலும், ஆண்டுச் சந்தாவில் எண்ணிக்கையை நடுவில் குறைக்க முடியாது. புதுப்பிக்கும் தேதியிலும், அதைத் தொடர்ந்த ஏழு நாளுக்குள்ளும் மட்டுமே குறைக்கலாம். உங்கள் புதுப்பிப்புத் தேதி எது என்று லைசென்ஸ் விற்றவரிடம் இன்றே எழுத்தில் கேளுங்கள்.

டேலியில் விஷயம் எளிது. எஃப்1 அழுத்தி செட்டிங்ஸ், லைசென்ஸ் என்று போனால் உரிமத்தைச் செயல்படுத்தும், புதுப்பிக்கும், ஒப்படைக்கும் வழிகள் எல்லாம் இருக்கின்றன. சில்வர் என்பது ஒரு கணினிக்கு. கோல்டு என்பது ஒரே உள்வலையில் இருக்கும் கணினிகளுக்கு. செவ்வாய்ப்பேட்டை அலுவலகத்துக் கணினி ஒன்றில் உரிமம் உட்கார்ந்திருக்கிறது. மற்றக் கணினிகள் அந்தக் கணினியின் பெயரையும் 9999 என்ற போர்ட் எண்ணையும் வைத்து அதிலிருந்து உரிமத்தை எடுத்துக்கொள்கின்றன. ஏற்காட்டுக் கணினி அந்த உள்வலையில் இல்லை. ஆகவே அதற்கு உரிமம் எட்டவில்லை. எஜுகேஷனல் மோடுக்குப் போய், மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டும் பதிய விடுகிறது. தோட்டத்துக்குத் தனி உரிமம் வாங்குவது ஒரு வழி. டேலியின் புதுப்பிப்புச் சேவையான டிஎஸ்எஸ் சந்தா உயிரோடு இருந்தால் இணையம் வழியாக அலுவலகத்துக் கணக்கை எட்டுவது இன்னொரு வழி. அனுமதியில்லாத உடைப்புப் பதிப்பைத் தோட்டத்தில் போட்டுத்தருவதாக யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். திருட்டுப் பிரதி என்று தெரிந்தே மென்பொருளைப் பயன்படுத்தினால், 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்கீழ் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

டேலி உரிமம் எந்த மின்னஞ்சல் முகவரியில் பதிவாகியிருக்கிறது என்பதையும் பாருங்கள். சேலம் பஜாரில் நான் கண்டவரை, அது மென்பொருளை நிறுவிக்கொடுத்தவரின் முகவரியாகவோ, எப்போதோ விலகிய கணக்காளரின் முகவரியாகவோ இருக்கும். கணினி பழுதாகி வேறொன்றுக்கு உரிமத்தை மாற்ற வேண்டிய நாளில், அந்த முகவரிக்குரியவரைத் தேடி அலைய நேரும். நிறுவனத்தின் பொது முகவரிக்கு அதை மாற்றிவிடுங்கள்.

பயன்பாட்டைப் பொறுத்தவரை, டேலியில் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வைக்காவிட்டால் யார் எதைப் பதிந்தார் என்று பிரித்துக் காட்ட வழியே இல்லை. உங்களுடையது பிரைவேட் லிமிடெட் நிறுவனம் என்றால் இதை உரிமக் கணக்குக்காக மட்டும் சொல்லவில்லை. 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் தங்கள் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு பதியும் வசதியை வைத்திருக்க வேண்டும், அதை நிறுத்திவைக்கவும் கூடாது என்பது கம்பெனி கணக்கு விதி. தணிக்கையாளரும் அதைப் பற்றித் தம் அறிக்கையில் சொல்லியாக வேண்டும். டேலியின் எடிட் லாக் பதிப்பு அதற்காக வந்தது. எல்லாரும் ஒரே பெயரில் உள்ளே போனால் அந்தப் பதிவால் பயனில்லை.

ஷிப்டுக்கு ஒருவராக மூன்று பேர் ஒரே எஸ்ஏபி கணக்கில் வேலை செய்வதும் இதே தவறுதான். அங்கே அது ஒப்பந்த மீறலும் ஆகும். ஒரே கணக்கில் ஒரே நேரத்தில் இருவர் உள்ளே வந்ததைக் கணினி தனியே குறித்துவைத்திருக்கும்.

இனி அந்தக் கடிதம். முதலில் அது உண்மையிலேயே மென்பொருள் நிறுவனத்திடமிருந்து வந்ததா என்று, ஒப்பந்தத்தில் இருக்கும் தொடர்பு முகவரியைக் கொண்டு உறுதி செய்யுங்கள்; கடிதத்தில் இருக்கும் எண்ணுக்கு அழைத்து உறுதி செய்வது உறுதி செய்ததாகாது. மின்னஞ்சலில் இணைத்து அனுப்பப்பட்ட எந்த நிரலையும், அது அளவீட்டுக் கருவி என்றே சொன்னாலும், பேசிஸ் நபர் பார்க்காமல் ஓட்டாதீர்கள். ஒப்பந்தத்தில் தணிக்கை பற்றிய பிரிவைப் படித்து, என்ன கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு, பதிலளிக்க எத்தனை நாள் அவகாசம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அவகாசம் போதாவிட்டால் கூடுதல் நாள் கேட்டு எழுதலாம், பெரும்பாலும் தருவார்கள். வகை குறிக்கப்படாதவர்களுக்கு வகை குறித்து, விலகியவர்களுக்குத் தேதி இட்டு, இணைப்புக் கணக்குகளின் தாளையும் தயாராக்கிய பிறகு அளவீட்டை ஓட்டி, முடிவை முதலில் நீங்களும் முதலாளியும் பாருங்கள். கேட்டதை மட்டும் அனுப்புங்கள். கேட்காத பட்டியல்களை நல்லெண்ணத்தில்கூடச் சேர்க்க வேண்டாம். உரிமம் உண்மையிலேயே குறைவாக இருந்தால் அதை மறைக்காதீர்கள். ஆனால் எந்த வகையில் எத்தனை குறைகிறது என்ற கணக்கு உங்கள் கையில் இருக்கும்போது, அவர்கள் விலை சொல்வதற்கு முன்பே நீங்கள் பேச்சைத் தொடங்க முடியும்.

பேசிஸ் நபருக்கு அனுப்ப வேண்டிய கோரிக்கையை இப்படி எழுதலாம்: "உரிமப் புதுப்பிப்புப் பணிக்காக எஸ்யூ01டி, எஸ்யூஐஎம், எஸ்டி03என் ஆகியவற்றுக்கும் ஆர்எஸ்யூஎஸ்ஆர்200 அறிக்கைக்கும் பார்வை அதிகாரம் மட்டும் மூன்று மாதங்களுக்குத் தேவை. யூஎஸ்எம்எம் அளவீட்டை எங்கள் முன்னிலையில் ஓட்டி, அனுப்பும் முன் முடிவின் பிரதியைத் தரவும்." கீழே முதலாளியின் ஒப்புதலையும் சேர்த்துவிடுங்கள். மூன்று மாதம் என்று காலவரம்பு போட்டுக் கேட்டால், தயங்குகிற பேசிஸ் நபரும் பெரும்பாலும் அன்றைக்கே கொடுத்துவிடுவார்.